குரோமியமும் வைட்டமின் சியும்

பல்லாவரம், குரோம்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடுதல் பழைய தொழில். குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே ஒரு குரோம் லெதர் தொழிற்சாலைதான். பதனிட உதவும் மூன்று இணைதிறன் குரோமியம் உயிரணுக்குள் எளிதில் நுழையாது. சில சூழல்களில் அது ஆறு இணைதிறன் குரோமியமாக மாறும்போதுதான் ஆபத்து. சல்பேட்டைப் போன்ற வடிவம் கொண்டதால், சல்பேட் செல்லும் வழியிலேயே அது உள்ளே புகுந்துவிடும். தொழிற்சாலைகளில் இதை நெடுங்காலம் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம் கூடுவது உறுதியான உண்மை.

வியப்பு இனிமேல்தான். வயிற்றிலும் நுரையீரல் நீர்மத்திலும் வைட்டமின் சி இந்தக் குரோமியத்தை வெளியிலேயே வலுவிழக்கச் செய்கிறது, அது பாதுகாப்பு. ஆனால் உயிரணுவுக்குள் அதே வைட்டமின் வினைபுரியும்போது, டிஎன்ஏவைச் சிதைக்கும் இடைநிலைப் பொருள்கள் உருவாகின்றன. மரபணுக் காப்பு அமைப்பு தடுமாறினால் புற்றுநோய்க்கு வழி திறக்கும்.

குரோமியம் இல்லாமலே, நாம் மூச்சுவிடுவதாலும் உயிரணுவைச் சிதைக்கும் வினைத்துகள்கள் (ஃப்ரீ ராடிக்கல்கள்) உடலில் தோன்றுகின்றன. அவற்றின் சேதம் சேர்வதே முதுமை என்று டென்ஹாம் ஹார்மன் 1956இல் முன்வைத்தார். இன்று அது முதுமைக்கான பல காரணங்களில் ஒன்றாக மட்டுமே கருதப்படுகிறது. ஆனால் அந்தக் கருத்தை வைத்து, இத்துகள்களைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை நம்மைக் காக்கும் எனப் பலர் நம்பினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது, 1994இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது: நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.