விழித்திரைத் துளையும் குப்புறப் படுக்கையும்
(ஆண்டுப் பொதுக்குழுவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நம் மஹல்லாவின் முதியவர் ஒருவருக்கு, ஒரு கண்ணால் நோக்கும்போது எதிரே நிற்பவரின் முகம் மட்டும் மறைந்தது. கதவு நிலை வளைந்து தோன்றியது. விழித்திரையின் நடுப்பகுதியாகிய மாக்குலாவில் துளை என்றார் மருத்துவர். அறுவைக்குப் பின் ஒரு வாரம் குப்புறக் கிடக்க வேண்டும் என்று கேள்வியுற்ற அவர், முதுகுவலிக்கு அஞ்சி ஓராண்டைக் கடத்திவிட்டார். அவ்வச்சத்தைக் குறித்தே இன்று பேச விழைகிறோம்.

முதுமையில் கண்ணுக்குள் உள்ள கூழ் சுருங்கி மாக்குலாவை இழுப்பதால் இத்துளை விழுகிறது. அக்கூழை அகற்றி வாயுவை நிரப்புவதே சிகிச்சை. 1991இல் அமெரிக்க மருத்துவர்கள் கெல்லி, வெண்டல் ஆகியோர் இதனை முதலில் வெளியிட்டபோது, 52 கண்களில் 30இல் துளை மூடியது. வாயுக்குமிழ் மேல்நோக்கி மிதப்பது. முகம் கவிழ்ந்திருந்தால் அது துளையின்மீது படிந்து நிற்கும். குப்புறப் படுக்கைக்குக் காரணம் அதுவே.

எனினும், 1997இல் அமெரிக்காவின் டொர்னாம்பே குழுவினர் குப்புறப் படுக்காமலேயே பெரும்பாலான துளைகள் மூடியதைக் காட்டினர். 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 0.4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகன்ற துளையுடைய 185 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். 5 நாட்கள் முகம் கவிழ்ந்திருந்தோரில் நூற்றுக்கு 95.5 பேருக்கும், நேராக நோக்கியிருந்தோரில் 85.6 பேருக்கும் துளை மூடியது. இவ்வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை; ஆயினும் கவிழ்ந்திருந்தோரின் பார்வை சற்று மேம்பட்டிருந்தது.

ஆகவே, பெரிய துளையுடையோர் இயன்றவரை கவிழ்ந்திருப்பது நலம். இயலாதவரும் அறுவையைக் கைவிட வேண்டியதில்லை. சிறு துளையெனில் கவிழ்ந்திருத்தல் தேவையா என மருத்துவரிடமே கேட்டறியலாம். மல்லாந்து படுத்தலை மட்டும் அவர் கூறும் நாள்வரை தவிர்க்க வேண்டும்.

உம்ரா செல்ல எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை: கண்ணில் வாயு இருக்கும்வரை விமானப் பயணம் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து, கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வையே பறிபோகலாம். வாயுவின் வகைக்கேற்ப அது கரைய 2 முதல் 8 வாரங்கள் வரை ஆகும்.

தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் நேரே செல்லும் தொலைவிலேயே, 1819இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உள்ளது. இன்றே வீட்டில் ஒவ்வொரு கண்ணாக மூடித் தரையின் ஓட்டுக்கோடுகளைப் பாருங்கள். வளைந்து தோன்றினால் தாமதியாதீர்கள். நாள்பட்ட துளையில் பார்வை மீள்வது குறையும்.