பக்கத்தில் இருந்தும் கண்ணுக்குத் தெரியாத விண்மீன்

 

சூரியனும் ஒரு விண்மீன்தான். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் எது? அதன் பெயர் பிராக்சிமா சென்டாரி. பிராக்சிமா என்றால் 'மிக அருகில் உள்ளது' என்று பொருள்.

ஒளி ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சூரிய ஒளி 8 நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். பிராக்சிமாவின் ஒளி வந்து சேர 4 ஆண்டு 3 மாதம் ஆகும்.

அருகில் இருந்தும் இது வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஏன்?

இது மிகச் சிறியது. இதன் குறுக்களவு சூரியனில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. சூடும் குறைவு. சூரியனின் மேற்பரப்பு வெப்பம் 5,500 டிகிரி. இதற்கு ஏறத்தாழ 2,700 டிகிரிதான். கொல்லர் உலையில் இரும்பைப் பாருங்கள். சூடு குறைந்தால் சிவப்பாகத் தெரியும். இந்த விண்மீனும் அப்படித்தான். அதனால் இதைச் சிவப்புக் குள்ள விண்மீன் என்கிறார்கள். ஒரு சூரியனின் ஒளிக்கு ஈடாக ஏறத்தாழ 600 பிராக்சிமா வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் இன்னஸ். வானியலைத் தாமாகவே கற்றவர். தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்தார். சில ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு வானப் படங்களை ஒப்பிட்டார். ஒரு சிறு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. அதுதான் பிராக்சிமா. அது 1915ஆம் ஆண்டு.

மங்கலாக எரிவதில் ஒரு லாபம் உண்டு. பெட்ரோமாக்ஸ் விளக்கு பளிச்சென்று எரியும். எண்ணெய் சீக்கிரம் தீரும். சிம்னி விளக்கு விடிய விடிய எரியும். விண்மீனுக்கு எரிபொருள் ஹைட்ரஜன் வாயு. சூரியன் தன் நடுப்பகுதியில் உள்ளதை மட்டுமே செலவழிக்கிறது. பிராக்சிமாவில் உலை கொதிப்பதுபோல வாயு மேலும் கீழும் புரள்கிறது. அதனால் எல்லா வாயுவும் பயன்படும். சூரியன் இன்னும் 500 கோடி ஆண்டு எரியும். பிராக்சிமாவோ லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் எரியும்!

2016இல் இதைச் சுற்றும் ஒரு கோள் தெரியவந்தது. அங்கே 11 நாளில் ஓர் ஆண்டு முடிந்துவிடும். அந்தக் கோளில் உயிர்கள் வாழ முடியுமா? ஒரு சிக்கல் உண்டு. பிராக்சிமா அடிக்கடி திடீரெனச் சீறும். அப்போது கடும் கதிர்கள் கோளைத் தாக்கும். ஆய்வு நடந்துகொண்டே இருக்கிறது.

ஜூன் மாதம் இரவு 9 மணிக்குத் தென்னிந்தியாவில் தெற்கே பாருங்கள். அடிவானத்துக்குச் சற்று மேலே இரண்டு பிரகாசமான விண்மீன்கள் தெரியும். இடப்பக்க விண்மீனுக்கு அருகில்தான் பிராக்சிமா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அது அங்கே எரிந்துகொண்டிருக்கிறது.