ஏரிக்கரையில் ஒரு சாயங்காலம்



பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் வகுப்பு நிற்கவில்லை. இப்போது என் மாணவர்களுக்கு எழுபது வயது, எழுபத்தைந்து வயது. வகுப்பறை, வேடந்தாங்கல் ஏரிக்கரை.

வெளியே கிளம்பலாம் என்றதும், "மலை ஏறணுமா? முட்டி தாங்காதே" என்பார்கள். ஏற வேண்டாம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர். கரை சமதளம், முடிந்தவரை நடக்கலாம், கால் வலித்தால் உட்காரலாம். நவம்பர் முதல் மார்ச் வரை, தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் பாம்புத்தாராவும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். பரபரவென்று நடப்பவரைக் கண்டால் பறவை விலகிப்போகும். அசையாமல் உட்கார்ந்திருப்பவர் பக்கம் அதுவே வரும்.

நேயர்களே, எனக்கு மிகவும் பிடித்தது நத்தைகுத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், பாக்குவெட்டி போல. ஒரு ஜனவரியில், 78 வயது அம்மா ஒருவர் எங்களோடு வந்தார். மகனுக்கு அனுப்ப மனமே இல்லை. வழியில், நவரை நடவு முடிந்த வயலில் இந்த நாரை நின்றது. வேனை நிறுத்தி, பைனாகுலரை அவரிடம் கொடுத்தேன். நாரை அலகைச் சேற்றுத் தண்ணீரில் விட்டது. தலை இரண்டு மூன்று முறை வெடுக்கென்று ஆடியது. நிமிர்ந்தபோது அலகு நுனியில் சதை மட்டும் தொங்கியது.

"ஓட்டை உடைக்கலை தம்பி. தண்ணிக்குள்ளயே உருவிடுச்சு. சின்ன வயசுல நாங்க நத்தையை வேகவெச்சு, முள்ளால இப்படித்தான் எடுப்போம்" என்றார்.

நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும் என்றேன். "அப்போ எளசு என்ன பண்ணும்?" என்றார். கூட்டில் இருக்கும்வரை தாயும் தகப்பனும் ஊட்டும் என்றேன். வீடு திரும்பும்வரை கேள்விகள் ஓயவில்லை. அடுத்த மாதம் அந்த மகனே அவரைக் கொண்டுவந்து விட்டார்.

பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கருவியை வாங்காதீர்கள். கை நடுக்கத்தையும் அது பத்து மடங்கு காட்டும். எட்டு மடங்கே போதும். கண்ணாடி போட்டிருப்பவர்கள், கண் வைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிடுங்கள். இல்லையென்றால் காட்சி சுருங்கித் தெரியும். முழங்கைகளைக் கம்பியிலோ மடியிலோ ஊன்றிக்கொள்ளுங்கள். காது மந்தமானவர்களும் தயங்க வேண்டாம். வயதானால் மெல்லிய கீச்சுக் குரல்தான் முதலில் கேட்காமல் போகும். ஏரியில் கண்ணுக்கே வேலை அதிகம். நாரைகள் அலகைத் தட்டும் சத்தமும் தாராளமாகக் கேட்கும்.

இன்னொன்று. கழிப்பறை கிடைக்காதோ என்ற பயத்தில், பெண்கள் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எங்கே நிறுத்துவோம் என்பதைக் கிளம்பும்போதே சொல்லிவிடுவது, கூட்டிப் போகிறவர் கடமை. சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையோடு பிஸ்கட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏரியின் கதையை விரிவாகச் சொல்ல நேரமில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை 1790-களிலேயே எழுத்தில் வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இந்த ஏரி சேர்ந்தது.

நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவாளர் கை காட்டுகிறார். பெற்றோரை டாக்டரிடமும் கல்யாணத்துக்கும் மட்டும் அழைத்துப்போகும் பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், இந்தப் பருவத்தில் ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு அவர்களை இந்தக் கரைக்கு அழைத்து வாருங்கள். இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. இருட்டும்வரை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.