ஒப்புதலும் உரிமையும்



"குற்றத்தை ஒப்புக்கொள், சிறு அபராதத்தோடு போய்விடும்" என்று நம் பிள்ளைகளுக்கு யோசனை கூறுவோர் பலர். வழக்கு அன்றே முடியலாம். ஆனால் தண்டனை பெற்றவன் என்னும் பெயர், அரசுப் பணிக்கு மனுச் செய்யும் நாளில் எதிரே வந்து நிற்கும். ஒப்புக்கொண்டு பெற்ற தண்டனைக்கு, அதன் அளவையோ சட்டப்பொருத்தத்தையோ குறித்தன்றி மேல்முறையீடும் பொதுவாக இல்லை.

எனினும் கதவு முற்றும் அடைபடவில்லை. 1980-களின் தொடக்கத்தில் கர்நாடக வழக்கொன்றில், இலேசான தண்டனையே கிடைக்குமென நம்பி ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். உயர்நீதிமன்றமோ தண்டனையை உயர்த்தியது. ஆசைகாட்டிப் பெற்ற ஒப்புதலின்மேல் தண்டனையைக் கூட்டுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்கு மாறானது என்று உச்சநீதிமன்றம் கூறி, வழக்கை மீண்டும் விசாரணைக்கு அனுப்பியது.

அச்சத்தாலோ அறியாமையாலோ ஒப்புக்கொண்டிருப்பின், தீர்ப்புக்கு முன்னரே நீதிபதியிடம் எடுத்துரைத்து விசாரணை கோருங்கள். ஒப்புதலை ஏற்றே தீரவேண்டும் என்னும் கட்டாயம் அவருக்கில்லை. அதனினும் நன்று, கூண்டேறுமுன் வழக்கறிஞரைக் கலந்துகொள்வது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் இனத்தாராகிய நமக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. புதுச்சேரியிலும் அவ்வாணையம் இயங்குகிறது.

செய்யாத குற்றத்திற்குத் தலைகுனியாதிருக்கக் கற்பதும் கல்வியே.