மிதிக்கிற காலுக்கு மரியாதை
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்க வேலையாக நாங்கள் சிலர் யாழ்ப்பாணம் போய் வந்தோம். நல்லூரைப் பற்றிச் சொல்வோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் பேச வந்தது சைக்கிளைப் பற்றி.

காலையில் ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, வரிசையாகச் சைக்கிளில் போனார்கள். வயதான ஒரு ஐயா கரியரில் வெங்காய மூட்டையைக் கட்டிக்கொண்டு மிதித்துப் போனார். அந்த நேரம் தலைக்கவசம் போட்ட ஒரு தம்பி பந்தயச் சைக்கிளில் பறந்தார். கடையிலிருந்த எல்லாரும் எழும்பிப் பார்த்தார்கள். நாங்களும்தான். மூட்டை கொண்டுபோன ஐயாவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் இரண்டு சக்கரம், இதுவும் இரண்டு சக்கரம். ஆசைக்கு மிதித்தால் விளையாட்டு, தேவைக்கு மிதித்தால் ஏழ்மை என்று நாமே பிரித்து வைத்திருக்கிறோம்.

யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளின் அருமை தெரியும். 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் அங்கே பெற்றோல் கிடைக்கவில்லை. வைத்தியர், ஆசிரியர், விவசாயி எல்லாரும் சைக்கிளில்தான் போனார்கள். நோயாளியையும் அதில் ஏற்றினார்கள். பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சக்கரத்தைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, வீட்டில் மிஞ்சியதைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு நடந்தார்கள்.

உலகத்தின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் 1903-இல் தொடங்கியது. முதல் வெற்றியாளர் மொரிஸ் கரான், சிறு வயதில் புகைபோக்கி துடைத்த தொழிலாளி. விளையாட்டின் மேடையில் முதலில் ஏறியதும் உழைக்கிற கால்தான்.

நம் பக்கம் என்ன நடக்கிறது? "சைக்கிளா?" என்று சிரிக்கிறோம். தம்பிமார் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுக்கிறார்கள். அம்மா பறிக்கிற கொழுந்துக் காசு தவணைக்குப் போகிறது. தவணை தவறினால் வண்டியையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். 2022-இல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் நின்றபோது, சிரித்தவர்களே சைக்கிள் தேடி அலைந்தார்கள்.

"வாத்தியார், யாழ்ப்பாணம் சமதரை, நமக்கு மலை" என்பீர்கள். உண்மை. செங்குத்து ஏற்றத்தில் மூட்டையோடு மிதிக்க முடியாது. ஆனால் எல்லாத் தோட்டமும் உச்சியில் இல்லை. பள்ளத்து டிவிசன்களிலும் இறப்பர் தோட்டங்களிலும் மிதிக்கக்கூடிய பாதை உண்டு. தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டு முடித்த பிள்ளை, ஆறாம் ஆண்டுக்குப் பல மைல் நடக்க வேண்டியிருக்கிறது. மழை பெய்தால் வருவதில்லை. கொஞ்ச நாளில் இடாப்பில் பெயர் மட்டும்தான் இருக்கும். முதலில் நிற்பது பெண் பிள்ளை. அந்தப் பெயர்களை வாசித்துப் பதில் வராமல் நின்றவர்கள் நாங்கள்.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டையை நினையுங்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் பழக்கியது. வயல் வேலை செய்த பெண்களும், கல் உடைத்த பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். ஊர் சிரித்தது. அவர்கள் நிறுத்தவில்லை.

ஆகவே மூன்று விஷயம் கேட்போம். தோட்டப் பாதையைச் செப்பனிட நிர்வாகத்திடம் கேட்போம். பாடசாலைப் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்க நமது கூட்டுறவுச் சங்கத்தில் சிறு கடன் கேட்போம். அடுத்த புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் பெண் பிள்ளைகளுக்கும் சைக்கிள் ஓட்டம் வைக்கக் கேட்போம். அன்றைக்குக் கைதட்டுவோம். மறுநாள் அதே பிள்ளை அதே சைக்கிளில் பாடசாலைக்குப் போகும்போதும் நின்று பார்ப்போம்.