பெருநோயிற் கேடயச் சுரப்பி

(அடையாற்றிற் கூடிய சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் மருத்துவம் பயின்றவன் அல்லேன். எனினும் 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் கொரோனா நோய் நம் சென்னை இல்லங்களைக் கலக்கிய காலந்தொட்டு, பரிசோதனைத் தாள்களைக் கொணர்ந்து பொருள் வினவிய அன்பர் பலர். அவற்றுள் மிக்க ஐயம் விளைத்தது தைராய்டுக் கணக்கேயாம். ஆதலின் அதுபற்றிச் சில கூறுவேன்.

தைராய்டு என்னும் பெயர் கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. அதனாற் கேடயச் சுரப்பி எனத் தமிழில் வழங்குவர். இது குரல்வளைக்குக் கீழே அமைந்து, டீ4 என்னும் சுரப்பை மிகுதியாகவும், டீ3 என்பதைச் சிறிதாகவும் வெளியிடும். முன்னதில் அயோடின் அணு 4; பின்னதில் 3. உடலின் உறுப்புக்கள் டீ4 இல் ஓரணுவை நீக்கி, வலிமிக்க டீ3 ஆக மாற்றிக்கொள்கின்றன. உடற்சூடும் இதயத் துடிப்பும் இதனால் இயங்குவன. மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, டீ.எஸ்.எச். என்னும் ஏவலை அனுப்பி இதனை ஆளும்.

கொரோனா முதலிய தொற்று முற்றி, நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவிற் கிடக்குங்கால் நிகழ்வது யாது? டீ3 குறைகின்றது, பயனற்ற மாற்றுருவான எதிர் டீ3 பெருகுகின்றது, நோய் மிகமிக டீ4 உம் தாழ்கின்றது. சுரப்பி பழுதுற்றிருப்பின் ஏவல் உயர்தல் வேண்டும்; ஈண்டோ அது உயராது, இயல்பாகவோ தாழ்ந்தோ நிற்கும். முற்றுகையுற்ற நகரத்தார் களஞ்சியத்தைச் சுருக்கிச் செலவிடுதல் போல்வது இது என்பர் சிலர். தீங்கே என்பர் வேறு சிலர். டீ3 மிகத் தாழ்தல் நோயின் கடுமையைக் காட்டும் என்பதில் இருசாராரும் ஒப்புவர். உயிர்காக்கத் தரும் டெக்ஸாமெதசோன் போன்ற மருந்துகளும் டீ.எஸ்.எச். அளவைத் தாழ்த்தும்.

இனி, நாம் கொள்ளத்தக்க நெறிகள் மூன்று.

ஒன்று: அந்நிலையிற் கண்ட எண்ணை நோக்கி, "தைராய்டு போயிற்று, மாத்திரை தாருங்கள்" என மருத்துவரை நெருக்கற்க. மாத்திரை தருதல் உயிர்காக்கும் என ஆராய்ச்சிகள் நிறுவவில்லை. நோய் நீங்கிச் சில வாரங்கள் சென்றபின் மீளச் சோதித்தலே முறை. பெரும்பாலும் எண்கள் தாமே இயல்பை அடையும்.

இரண்டு: முன்னரே தைராக்ஸின் உண்பவர் மருத்துவமனை புகுந்தால், அதனை முதல் நாளே மருத்துவரிடம் தெரிவியுங்கள். அம்மருந்து குருதியிற் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாளாகும். ஆதலின் ஓரிரு நாள் தவறுதல் பெருங்கேடன்று. வாரக்கணக்கில் விடுதலோ உயிர்க்கே இடராம். விழுங்க இயலாதார்க்குக் குழாய்வழியும் தருவர். வீடு மீண்டபின் வெறுவயிற்றில் நீருடன் உண்க. அரைமணி கழித்தே காப்பி அருந்துக.

மூன்று: நோய் தீர்ந்த சில வாரங்களிற் கழுத்து முன்புறம் நொந்து, காய்ச்சலும் படபடப்பும் தோன்றின், சுரப்பியே அழற்சியுற்றிருக்கலாம். கொரோனாவின் பின் இது நேர்ந்தமையை இத்தாலியின் பைசா நகர மருத்துவர் 2020 இல் எடுத்துரைத்தனர். இது வேறு நோய், காலந்தாழ்த்தாது காட்டுக.

அன்பர்களே! நோயாளியின் அருகிருந்து கவலுறும் சுற்றத்தார்க்கு ஒவ்வோர் எண்ணும் அச்சந்தரும். எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும் என்பது மெய்யே; ஆயினும் எக்காலத்து எடுத்த எண் என அறியாக்கால் அக்கண் பிறழக் காணும். இதனை உளங்கொள்ளுமாறு வேண்டி அமைகின்றேன்.