குழந்தையை அளந்தறிதல்



ஜாதவ்பூரில் ஒரு குளிர்காலக் காலை என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு நிரம்பிய பெண் குழந்தையொன்றை எடை பார்க்கக் கொணர்கின்றனர். அதன் உண்மை எடை 6.9 கிலோ. கம்பளிச் சட்டையைக் கழற்றினால் சளி பிடிக்குமே என்று தாய் தயங்குகிறாள். தொண்டரும் இரங்கி அப்படியே நிறுக்கிறார். தராசு 7.1 என்று காட்டுகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலின்படி, அவ்வயதுப் பெண் குழந்தை 7.0 கிலோவுக்குக் குறைந்தால் எடைக்குறைவுள்ளது. ஆகவே, இருநூறு கிராம் கம்பளி ஒரு நலிந்த குழந்தையை நலமுள்ளவர் கணக்கில் சேர்த்துவிட்டது! இந்த அளவுகோல் மேனாட்டாருக்கு மட்டும் உரியதன்று. ஆறு நாடுகளின் குழந்தைகளை ஆய்ந்து வகுத்தது. தெற்கு டில்லிக் குழந்தைகளும் அவருள் அடங்குவர்.

நம் தாயகமாம் தமிழ்நாட்டில் 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், கிராமப் பெண்களே மாதந்தோறும் குழந்தைகளை நிறுத்தனர். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு. தேறியதும் அது நிறுத்தப்படும். யாருக்கு உணவு என்பதைத் தராசே முடிவு செய்தது. அங்ஙனமாயின், தராசைப் பிடிக்கும் கைக்குப் பயிற்சி எத்துணை இன்றியமையாதது!

அப்பயிற்சி கடினமானதன்று. முதலில் தராசு முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தல் வேண்டும். ஆடையைக் களைய இயலாவிடில், அதே போன்ற ஆடையைத் தனியே நிறுத்துக் கழித்துவிடலாம். இரண்டு வயது நிரம்பாத குழந்தையைப் பலகையில் கிடத்தி நீளத்தை அளக்க வேண்டும். ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல நீட்டி அளவைப் படிப்பார். நிரம்பிய குழந்தையை நிறுத்தி உயரத்தை அளக்க வேண்டும். நின்ற உயரம் கிடந்த நீளத்தைவிடச் சுமார் 0.7 சென்டிமீட்டர் குறைவு. இரண்டையும் கலத்தல் ஆகாது.

இறுதியில் ஒரு தேர்வு. தொண்டர் ஒவ்வொருவரும் அதே பத்துக் குழந்தைகளை இருமுறை அளப்பர். இரண்டாம் முறை அளக்கையில் முதற்குறிப்பைப் பார்த்தல் கூடாது. தம் இரு அளவுகளும் ஒத்திருந்தால் கை நிதானப்பட்டது எனலாம். ஆசிரியர் அளவோடும் ஒத்தால்தான் கண்ணும் தேறியது.

ஜாதவ்பூர்த் தமிழ்ச் சகோதரிகளே! வங்க மொழியும் தமிழும் அறிந்த நீங்கள் இப்பணிக்கு வந்தால், தயங்கும் தாய்க்கு அவள் மொழியிலேயே காரணத்தை விளக்கலாம். சட்டையைக் கழற்றுவதும் அன்பே என்று அவள் உணர்வாள். எடை முடிந்ததும் குழந்தையைப் போர்த்தி, அவள் கையில் கொடுங்கள்.